லாகின் கேட்காத வரைபடம்

என் மாமியாரின் ஜெபமாலைக்கு நடுவே சிமெண்ட் விளம்பரம் வந்த பிறகுதான் எங்கள் தெருவில் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

மாமி மாலை நேரத்தில் போனில் ஜெபமாலையை ஓடவிட்டு, கூடவே சொல்லிக்கொண்டு வருவார். ஒருநாள் பாதியில் ஓர் ஆண்குரல் உங்கள் வீடு தலைமுறை தலைமுறைக்கும் நிற்க வேண்டாமா என்று கத்தியது. கண்ணை மூடியிருந்த மாமி அதற்கும் சேர்த்து ஆமென் சொல்லிவிட்டார். பிறகுதான் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"ஏ புள்ள, மாதாவுக்கு முன்னால வந்து கத்துறானே, யாரு இவன்?"

அடுத்த நாளே விளம்பரம் இல்லாத ஒரு பாட்டுச் செயலியை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். ஒலிப்பதிவைப் போனிலேயே இறக்கி வைத்துவிட்டால் போதும். இணையம் வேண்டாம், விளம்பரக்காரனும் வரமாட்டான். மாமி அதைக் கோயிலில் நாலு பேரிடம் சொன்னார். அவர்கள் போனோடு வந்தார்கள்.

உண்மையில் நான் இதை ஆரம்பித்தது என் மகளால். அவளுக்கு அப்போது இரண்டரை வயது. படத்துக்கு வண்ணம் தீட்டும் விளையாட்டு ஒன்றைப் போனில் வைத்திருந்தேன். யானைக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தவள் விரல் தவறித் தொட்டதும் சீட்டாட்ட விளம்பரம் ஒன்று திறந்து, உள்ளே வரச் சொல்லி அழைத்தது. குழந்தை கையில் போன் கொடுப்பதே தப்பு என்ற குற்ற உணர்ச்சி ஒருபக்கம். கொடுக்காமல் சோறு ஆக்க முடியவில்லை என்ற நிஜம் மறுபக்கம். அந்த வாரம் முழுக்கத் தேடினேன். நான் ராமநாதபுரத்தில் கணினி அறிவியல் படித்தவள். கட்டற்ற மென்பொருள் என்று வகுப்பில் ஒரு பாடம் இருந்தது. தேர்வுக்குப் படித்து, எழுதி, மறந்தும் போயிருந்தேன். அது இப்படி அடுப்படிக்குள் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

இந்தச் செயலிகளை எழுதுகிறவர்கள், எழுதிய விதத்தையும் சேர்த்தே வெளியில் வைத்துவிடுகிறார்கள். யாரும் படிக்கலாம், திருத்தலாம். மாமியிடம் இதைச் சொன்னபோது, "தெறந்து போட்டா களவாண்டு போயிருவானே" என்றார். "கொழம்பு எப்படி வச்சோம்கிறதத்தான் மாமி தெறந்து வச்சிருக்காங்க. நம்ம வீட்டுச் சட்டியை இல்ல" என்றேன். அந்த விளக்கம் அவருக்குப் பிடித்திருந்தது.

ஒரு செயலியை நான் சும்மா சொல்லிவிட மாட்டேன். குறை சொல்லியிருக்கும் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். குறையே இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வரும். ஒன்று, யாரும் பயன்படுத்துவதில்லை, அல்லது யாரோ அழிக்கிறார்கள். கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று பார்ப்பேன். என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பார்ப்பேன். டார்ச் அடிக்கிற செயலிக்கு என் சொந்தக்காரர்களின் நம்பர் எதற்கு? பிறகு என் போனில் போட்டு, இணையத்தை அணைத்துவிட்டு, சில நாள் வைத்திருப்பேன். இத்தனைக்கும் பிறகு யாருக்காவது போட்டுக் கொடுத்தாலும், வீட்டுக்கு வந்ததும் சரியாகத்தான் சொன்னேனா என்று யோசனை ஓடும். அடுத்த வீட்டு அக்கா, "மருந்து குடுக்கிற டாக்டர்கூட இம்புட்டு யோசிக்க மாட்டாரு தாயி" என்பார். அவர் கருவாடு வாங்கி விற்கிறவர். பாஸ்புக்கையும் ஆதாரையும் படம் எடுத்து அனுப்ப அவருக்கு ஒரு ஸ்கேன் செயலி போட்டுக் கொடுத்திருந்தேன். முந்தைய செயலி ஒவ்வொரு தாளின் மூலையிலும் தன் பெயரை அச்சடித்து அனுப்பும். பேங்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதுவரைக்கும் சின்ன விஷயங்கள். தப்பானால் அழித்துவிட்டு வேறு போடலாம். கடல் விஷயம் அப்படி இல்லை.

எங்களுடையது நாட்டுப்படகு. மாமனார் கடலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்ட பிறகு, என் கணவரும் என் அண்ணனும் சேர்ந்து போனார்கள். அண்ணன் தங்கச்சிமடத்தில் எங்கள் அம்மா வீட்டில் இருக்கிறான். விடியும் முன் இங்கே பாம்பனுக்கு வந்துவிடுவான். தூண்டில் மீனுக்கு, கடலடியில் இருக்கும் பாறைத் திட்டுகள் தெரிய வேண்டும். பார் என்போம். விளமீனும் கலவாயும் பாரை ஒட்டித்தான் மேயும். மேலே இருந்து பார்த்தால் வெறும் தண்ணீர். எந்த இடத்தில் பார் இருக்கிறது என்பது அந்தந்த வீட்டின் சொத்து. பெண் எடுத்த வீட்டுக்குக்கூடப் பாரைக் காட்டமாட்டார்கள் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அப்படியிருக்க என் கணவர் என் அண்ணனைப் படகில் ஏற்றியதே பெரிய காரியம்.

கையில் வைத்துப் பார்க்கும் ஜி.பி.எஸ். கருவி ஒன்று முன்பு இருந்தது. உப்புத் தண்ணீர் குடித்து அது செத்துப்போனது. அதற்குப் பிறகு தெருவில் எல்லோரையும் போல என் கணவரும் புதுப் போன் வாங்கி, அதில் இருந்த மேப்பிலேயே பாரைக் குறித்து வைத்துக்கொண்டார். பாயிண்ட் போடுவது என்று பெயர்.

ஒருநாள் எங்கள் நல்ல பாருக்குப் போனால், அங்கே ஏற்கெனவே மூன்று படகுகள் நங்கூரம் போட்டு நின்றன. தற்செயல் என்று விட்டார்கள். அடுத்த வாரம் வேறொரு பாரில் இன்னும் இரண்டு. மாமனாரின் அப்பா கண்டுபிடித்த பார் அது.

அன்று கரைக்கு வந்ததும் அண்ணன் வழக்கம்போல எங்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தான். மாமி வாசலில் மீன் அறுத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"எங்க வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிஞ்ச எடம். இப்ப ஊரே வந்து நங்கூரம் போடுது."

"என்னையச் சொல்றீகளா மாமி?"

"நான் யாரையும் சொல்லல. படகுல போறது ரெண்டு பேரு. என் மகன் வாய்க்குள்ள ஈ போனாலும் வெளிய வராது. ஒன் வாய் அப்படியா?"

அண்ணன் பேசுகிறவன்தான். டீக்கடையில் அவன் இருந்தால் டீ ஆறிப்போகும். ஆனால் அன்று அவன் என் கணவரைத்தான் பார்த்தான். "மச்சான் சொல்லட்டும்" என்றான்.

என் கணவர் தூண்டில் முள்ளில் சிக்கியிருந்த நைலான் நரம்பை எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்துக்கொண்டே இருந்தார்.

"சரி, போறேன்" என்றான் அண்ணன். எங்கள் பக்கத்தில் கிளம்பும்போது வாரேன் என்றுதான் சொல்வோம்.

நான் டீயோடு நின்றேன். மகள் அவன் பின்னாலேயே மாமா மாமா என்று வாசல்வரை ஓடினாள். அவன் அவளைத் தூக்காமல் போனது அதுதான் முதல்முறை.

அம்மா போனில் அழுதாள். அவன் திங்கட்கிழமை ராமேசுவரத்தில் ஒரு விசைப்படகில் ஏறப் போகிறானாம். பேசி முடித்துவிட்டானாம். விசைப்படகு தூரம் போகும். இலங்கை எல்லைக்கோடு எங்கே என்று தண்ணீரில் எழுதியிருப்பதில்லை. போனவர்கள் பிடிபட்டு, மாதக்கணக்கில் வீட்டுக்காரர்கள் மனு எழுதி அலைந்த கதைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. நான் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"யார்ட்டயாச்சும் தெரியாம சொல்லிட்டியாண்ணே?"

"நீயுமா?" என்றான். வைத்துவிட்டான். அதற்குப் பிறகு என் அழைப்பை அவன் எடுக்கவில்லை.

புதன்கிழமையும் விசைப்படகுகளின் நாள்தான். அவை போகிற நாளில் நாட்டுப்படகுகள் கரையில் கிடக்கும். அது இங்கே நெடுநாளைய ஏற்பாடு. கணவர் வீட்டில் இருந்தார். போன் நிரம்பிவிட்டது, படம் எடுக்க முடியவில்லை, எதையாவது அழித்துக் கொடு என்று என்னிடம் நீட்டினார். தேவையில்லாததை அழித்துக்கொண்டே வந்தவள் மேப்பைத் திறந்தேன். கடல் முழுக்கப் பாயிண்ட் போட்ட கொடி அடையாளங்கள். எங்களிடம் இத்தனை பார் இல்லை என்பது எனக்கே தெரியும். அதைவிட, ராமநாதபுரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் மேல் ஒரு கொடி இருந்தது.

"நம்ம வீட்டுல யாருக்குங்க பல் வலி?"

"யாருக்கும் இல்லையே."

"அப்ப இது?"

எட்டிப் பார்த்தார். "அது கம்பெனிக்காரன் போட்டுருப்பான்."

"கடல்ல இருக்கிற இதெல்லாம்?"

"அதுவும் அவந்தான். மீன் இருக்கிற எடத்தக் காட்டுது போல. ஒண்ணு ரெண்டுக்குப் போயும் பாத்தேன். நல்லாத்தான் கெடச்சுது."

"போயிப் பாத்தீகளா?"

"ஏன், போகக்கூடாதா?"

போனின் அமைப்புகளுக்குள் போய், எந்த மின்னஞ்சல் கணக்கில் போன் இயங்குகிறது என்று பார்த்தேன். என் கணவர் பெயர் இல்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிற போன் கடையின் பெயர் இருந்தது. புதுப் போனைத் திறந்ததும் மின்னஞ்சல் கேட்கும். எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேருக்கு அப்படி ஒன்று கிடையாது. கடைக்காரர் தன் கடையின் கணக்கையே போட்டுக் கொடுத்திருக்கிறார். என் கணவருக்கு மட்டுமா?

ஊகத்தை வைத்துக்கொண்டு பேசுவதற்கு எனக்குத் தைரியம் போதாது. சோதித்துப் பார்த்துவிட வேண்டும். கணவரின் போனில், எங்கள் வீட்டுக் கூரைமேல் ஒரு கொடியைப் போட்டு, அதற்கு 'கோழி' என்று பெயர் வைத்தேன். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, ஒங்க வீட்டு அண்ணன் போனக் கொஞ்சம் தாங்க. மேப்பத் தொறங்க."

அக்கா திறந்தார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏ, இது என்னடி, ஒங்க வீட்டுக் கூரையில கோழின்னு எழுதிருக்கு!"

எதிர்வீட்டிலும் கோழி. மூலைவீட்டிலும் கோழி. அதற்குள் என் பின்னால் நாலைந்து பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். எந்தெந்த வீட்டில் அந்தக் கடையில் போன் வாங்கினார்களோ அந்தந்த வீட்டிலெல்லாம் கோழி நின்றது. விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் போடுகிற பாயிண்ட், அவர் கரைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் எல்லோர் போனுக்கும் போய்விடுகிறது. வாங்கியவர்கள் அதைப் போன்தான் காட்டுகிறது என்று நம்பிப் போகிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அப்ப எங்க வீட்டுக்காரரு கொண்டாந்த வெளமீனெல்லாம் ஒங்க பார்ல புடிச்சதா? நான் என்னமோ அவருக்குத் தெறமை கூடிருச்சுன்னுல்ல நெனச்சேன்!"

"எங்க வீட்டுலயும் ஒங்க பார்ல புடிச்சிருக்காகக்கா. நல்ல மீனாம்."

"பழிக்குப் பழியா சரியாப் போச்சு. அந்தப் பல் ஆஸ்பத்திரி யாரு வீட்டுது?"

"எம்புருசன்தான்" என்றாள் மூலைவீட்டுக்காரி. "கடவாய்ப் பல்லு. புடுங்கப் போகாம மேப்புல குறிச்சு வச்சுட்டு உக்காந்துருக்காரு."

தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. அண்ணன் எதுவும் சொல்லவில்லை. நானும் அவனிடம் கேட்டுவிட்டேன்.

கணவரிடம் கொண்டுவந்து காட்டினேன். அவர் கோழியையே வெகுநேரம் பார்த்தார். "மச்சான்ட்ட என்னன்னு போயி சொல்றது" என்றார். மாமி உள்ளே இருந்தார், கேட்டிருப்பார். முருங்கைக் கீரையை மறுபடி மறுபடி ஆய்ந்துகொண்டிருந்தார்.

நான் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் விளக்கினேன். மறுநாள் அம்மா திருப்பிக் கூப்பிட்டாள். "சொன்னேன்டி. 'இப்ப போன் மேல பழியப் போட்டாச்சா, நல்லாருக்கு'ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். திங்கக்கெழம போறது போறதுதானாம்."

அவன் சொல்வதும் நியாயம்தான். என் வாயாலோ அம்மா வாயாலோ கேட்பதற்கு அவன் காத்திருக்கவில்லை. யார் பேசாமல் இருந்தாரோ அவர் போய்ப் பேச வேண்டும். கணவருக்கும் அது தெரியும். ஆனால் அவர் சொன்னார்: "பாயிண்ட்டெல்லாம் இன்னும் ஊரு பூரா கெடக்குது. அத மொதல்ல நம்ம கைக்குக் கொண்டாந்துட்டுத்தான் அவன் மொகத்துல முழிக்கணும். கடலுக்கு ஆகிற மாதிரி ஒன் ஆப்பு ஏதும் இருக்கா?"

தெருவில் எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான். அவர் கேட்டது அதுதான் முதல்முறை.

தேடுவது எனக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தயக்கமே கிடையாது. மகள் மதியம் தூங்குகிற நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். முதலில் கிடைத்த வரைபடச் செயலி அழகாக இருந்தது. குறைப் பக்கத்தில் இரண்டு பேர், புதிய பதிப்பு போட்டதும் குறித்து வைத்த இடங்கள் காணாமல் போனதாக எழுதியிருந்தார்கள். அதற்குப் பதிலும் இல்லை. விட்டேன். இரண்டாவது செயலி, இடங்களைச் சேமிக்க ஏதோ ஒரு சர்வரோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னது. வேண்டவே வேண்டாம். மூன்றாவது பார்ப்பதற்குச் சுமார்தான். பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று பிடிபடவே நேரம் ஆனது. ஆனால் லாகின் கேட்கவில்லை. மின்னஞ்சல் கேட்கவில்லை. வரைபடத்தை ஒருமுறை இறக்கிக்கொண்டால் சிக்னலே வேண்டாம். போடுகிற பாயிண்ட் போனுக்குள்ளேயே ஒரு கோப்பாக இருக்கும். வேண்டுமானால் நாமே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். சென்ற மாதம்கூட யாரோ திருத்தியிருந்தார்கள். பாயிண்ட் தவறாக நகர்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குச் செயலியை எழுதியவர்களே வந்து, எப்படிச் சரிசெய்தோம் என்று பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பதிலைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது.

என் போனில் இணையத்தை அணைத்துவிட்டு, எங்கள் வாசலில் ஒரு பாயிண்ட் போட்டேன். மகளோடு கோயில்வரை நடந்தேன். அங்கிருந்து, வழியைப் பார்க்காமல் போனை மட்டும் பார்த்துக்கொண்டு திரும்பினேன். சாக்கடை ஓரத்தில் ஒரு ஆட்டின்மேல் மோதினேன். வாசலில் சரியாக வந்து நின்றேன்.

கரையில் சரி. கடலில்? பழைய பாயிண்டுகளை ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாற்றும்போது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நான் வாசித்தேன்; கணவர், "அது பெரிய பாரு", "அது ரெண்டாவது பாரு" என்று சொன்னார். ஒவ்வொன்றையும் நான் மறுபடி சரிபார்த்தேன். அவருக்கு எரிச்சல் வந்தது. "ஒருக்கா பாத்தாச்சுல்ல?" என்றார். "புள்ளைக்கு மருந்து ஊத்துறப்ப ரெண்டு தடவ பாக்குறேன்ல, அப்படித்தான்" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவர் மாமனாரைக் கூட்டிக்கொண்டு போனார். கரை அடையாளத்தை வைத்தே மாமனாருக்குத் தெரிகிற ஒரு பாரை நோக்கி, போனை மட்டும் நம்பிப் படகை ஓட்டுவது என்று ஏற்பாடு. போனுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, சார்ஜ் முழுசாக ஏற்றி, திசைகாட்டியையும் கட்டாயம் எடுத்துப் போகவேண்டும் என்று நான் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அன்று காலை முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மகளுக்கு ஊட்ட எடுத்த இட்லியை நானே தின்றிருக்கிறேன்.

திரும்பி வந்ததும் மாமனார்தான் முதலில் சொன்னார். "கயித்துல ஈயக் குண்டக் கட்டி எறக்கிப் பாத்தோம். நேரா பார்லதான் போயி முட்டுச்சு. சரியாத்தான் காட்டுது."

அடுத்த வீட்டு அக்கா மூலமாகத் தெருவுக்குச் சொல்லியனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்ததும் எல்லோரும் போனோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோருடைய பாயிண்டும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தது. அதை அப்படியே மாற்றிவிட்டால் பழைய கதைதான். அதனால் ஒவ்வொருவராக உள்ளே வந்து, தன்னுடையது எது என்று எனக்கு மட்டும் காட்ட வேண்டும். அதை மட்டும் அவர் போனில் புதுச் செயலிக்கு மாற்றுவேன். கடைசியில் பொதுக் கணக்கில் உள்ள எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் அழிப்பேன். இதுதான் நான் சொன்ன வழி. வாசலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடுத்தவன் பார என்னுதுன்னு எவனாச்சும் சொன்னா?" என்றார் ஒருவர்.

"ஒரே பார ரெண்டு பேரு சொன்னா, ரெண்டு பேரையும் வாசல்ல கூப்புட்டுக் கேட்பேன்ணே" என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, குரல் நடுங்கவில்லை. அப்படி யாரும் சொல்லவும் இல்லை.

மதியம்வரை ஆனது. எல்லோர் பாரும் என் கண்முன்னால் போனது. கடைசியாக வந்த அடுத்த வீட்டு அண்ணன் வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "ஏலே, இப்ப இந்தக் கடல்ல எந்த மீன் எங்கன இருக்குன்னு முழுசாத் தெரிஞ்ச ஒரே ஆளு இந்தத் தங்கச்சிதான். இது ஒரு படகு வாங்குச்சுன்னா நம்ம கதி என்னலே?"

"எனக்குப் படகுல ஏறுனா வாந்தி வரும்ணே" என்றேன்.

"அந்த ஒரு நம்பிக்கையிலதான் காட்டிருக்கோம்."

போன் கடைக்காரரையும் யாரோ கூட்டி வந்திருந்தார்கள். அவர் தலையைச் சொறிந்தார். "எல்லாம் ஒரே தெருதானேன்னு போட்டேன். ஆளுக்கொண்ணு ஆரம்பிச்சா பாஸ்வேர்டை மறந்துட்டு எங்கிட்டத்தான வந்து நிக்கிறீக?" அதுவும் பொய்யில்லை. இனிமேல் அவரவருக்குத் தனிக் கணக்கு தொடங்கி, கடவுச்சொல்லை அவரவர் கையிலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னேன். பிறகு எல்லோரும் பார்க்க, பொதுக் கணக்கில் இருந்த கொடிகளை அழித்தேன். கடல் வெறும் நீலமாக ஆனது. பல் ஆஸ்பத்திரியும் போனது. மூலைவீட்டுக்காரி மட்டும் அதை வைத்திருக்கலாமே என்றாள்.

எல்லோரும் போன பிறகு கணவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "கெளம்பு" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. மகளை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு பைக்கில் தங்கச்சிமடம் போனோம். கிளம்பும்போது மாமி வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்காமல், மகனிடம் மட்டும் சொன்னார். "நான் கேட்டது தப்புன்னு சொல்லிரு." அவர் வாயிலிருந்து அவ்வளவுதான் வரும். அதுவே பெரிது.

அண்ணன் முற்றத்தில் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். மாற்றுத் துணி, போர்வை, ஒரு தண்ணீர்க் கேன். எங்களைப் பார்த்தும் எழவில்லை. மகள் நேராகப் போய் அவன் பையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே நின்றாள்.

என் கணவர் அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியவில்லை. வண்டியில் வரும்போதே இரண்டு மூன்று விதமாக எனக்குள் எழுதிப் பார்த்திருந்தேன். அதில் ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருக்கலாமோ என்று தோன்றியது. அவர் அதற்கெல்லாம் இடம் வைக்கவில்லை.

"அன்னைக்கி நான் வாயத் தொறந்திருக்கணும் மச்சான்" என்றார். "அம்மாவும் தப்புன்னு சொல்லிவிட்டுச்சு."

அண்ணன் பையின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். மேலே மகள் உட்கார்ந்திருந்ததால் அது இறுகவில்லை.

"ஒன் போனக் குடு."

"எதுக்கு?"

"குடுடா."

வாங்கி என் கையில் கொடுத்தார். "இதுலயும் அந்த மேப்பப் போடு."

நான் செயலியை இறக்கினேன். வரைபடம் இறங்கி முடிந்தது. "பாயிண்ட்டு?" என்று கேட்டேன்.

"போடு."

"எதெதுன்னு சொல்லுங்க."

"என் போன்ல இருக்கிறது அம்புட்டும்."

அண்ணன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். இத்தனை வருடம் ஒரே படகில் போயும் பாயிண்ட் இருந்தது என் கணவர் கையில் மட்டும்தான். படகுக்காரர் கையைவிட்டு அது போவதில்லை.

"மாமி கொன்னுரும் மச்சான்."

"அத நான் பாத்துக்கிறேன்."

"நாளப்பின்ன எவனாச்சும் நம்ம பார்ல வந்து நின்னா?"

"நின்னா ரெண்டு பேருஞ் சேந்து என்ன செய்யலாம்னு யோசிப்போம்."

நான் கணவரின் போனிலிருந்து கோப்பை எடுத்து அண்ணன் போனுக்கு மாற்றினேன். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பாராக ஒப்பிட்டுப் பார்த்தேன். பெரிய பார், இரண்டாவது பார், மாமனாரின் அப்பா கண்டுபிடித்தது. எல்லாம் வந்திருந்தது. மறுபடியும் ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினான். நம்பர் ஒன்றைத் தேடி எடுத்தான்.

"அண்ணே, நாந்தான். நாளைக்கு நான் வரல. வேற ஆளப் பாத்துக்கங்க" என்றான்.